கரி வண்டியிலிருந்து ஹைப்ரிட் வரை: நம் ஊர் வெயிலில் பெட்ரோல் சிக்கனத்தின் கதை



ஹைப்ரிட் கார் வாங்கலாமா என்ற கேள்வி நம் குடியிருப்பில் இப்போது அடிக்கடி எழுகிறது. விளம்பரத்தில் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று போடுகிறார்கள். வாங்கியவர்களைக் கேட்டால், மார்கழியில் நன்றாகக் கொடுத்தது, சித்திரை வந்ததும் இறங்கிவிட்டது என்கிறார்கள். கம்பெனி சொன்னது பொய்யா, வண்டியில் கோளாறா, ஓட்டுபவர் மீது தவறா என்று ஆளுக்கு ஒரு பக்கம் பேசுகிறோம். பென்ஷன் பணத்திலிருந்தோ பிள்ளைகளின் சேமிப்பிலிருந்தோ சில லட்சங்கள் கூடுதலாகப் போட்டு வாங்கும் பொருள் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. எரிபொருள் சிக்கனம் நம் நாட்டில் எப்படி எப்படியெல்லாம் வந்தது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

போர்க்காலத்துக் கரி வண்டி

நம் பகுதியில் பெட்ரோலுக்கு முதல் பெரிய பஞ்சம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. பஸ் முதலாளிகளுக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று வண்டியை ஷெட்டில் நிறுத்துவது, இல்லையேல் வேறு எதையாவது எரிப்பது.

அப்போது வந்ததுதான் கரி வாயு. வண்டியின் பின்புறம் பெரிய உருளை அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, கிளம்பும் வாயுவை வடிகட்டி என்ஜினுக்கு அனுப்புவார்கள். மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். நிறுவனத்தின் நிறுவனர் டி.வி. சுந்தரம் அய்யங்கார், இந்தப் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கருவியை உருவாக்கித் தயாரித்தார். பஸ்கள் தொடர்ந்து ஓடுவதற்கு இப்படிப்பட்ட கருவிகள்தான் கைகொடுத்தன.

அந்த வண்டிகளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். காலையில் அடுப்பை மூட்டி, கையால் விசிறியைச் சுற்றி, வாயு சேர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும். மேட்டில் இழுக்காது, பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் வழியிலேயே நிற்கும். கரி மிச்சப்படுத்திக் கொடுத்ததுதான், ஆனால் அடுப்பின் குணம் தெரிந்த கிளீனர் கூட இருக்க வேண்டும். குணம் தெரியாதவர் கையில் அது வெறும் பாரம். இந்தப் பாடம் இன்றைக்கும் மாறவில்லை.

1973: சிக்கனம் அரசாங்க விஷயமாகிறது

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. பீப்பாய்க்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 11 டாலரைத் தாண்டியது. அன்று நம் சாலைகளில் ஓடியவை அம்பாசடர், பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்று வகைகள்தான். மைலேஜை நினைத்து வடிவமைத்த வண்டிகள் என்று அவற்றைச் சொல்ல முடியாது.

புதிய வண்டி கிடைக்காத காலத்தில் இருக்கிற வண்டியைச் சிக்கனமாக ஓட்டச் சொல்வது ஒன்றுதான் வழி. அதற்காகவே 1978இல் பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம், அதாவது பி.சி.ஆர்.ஏ., உருவானது. சிக்னலில் என்ஜினை அணையுங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள், மிதமான வேகத்தில் ஓட்டுங்கள், கிளட்சில் கால் வைத்தபடி ஓட்டாதீர்கள் என்று அவர்கள் சொன்னவற்றை நம் தலைமுறை பெட்ரோல் பங்க் சுவர்களில் படித்தே வளர்ந்தது.

இந்த அறிவுரைகளை இன்று ஒரு முறை திரும்பப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். சிக்னலில் என்ஜினை அணைப்பது, வீணாக முடுக்காமல் இருப்பது ஆகியவற்றைத்தான் ஹைப்ரிட் கார் நம்மைக் கேட்காமல் தானே செய்கிறது. அன்று சுவரில் எழுதியதை இன்று கம்ப்யூட்டரில் எழுதிவிட்டார்கள்.

மாருதி, ஏ.சி., டீசல்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி. என்ஜின், குறைந்த எடை. நடுத்தரக் குடும்பம் மைலேஜைக் கேட்டு கார் வாங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் வளைகுடா சர்சார்ஜ் என்ற பெயரில் பெட்ரோல் விலையை ஏற்றினார்கள். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்வி அதோடு நிரந்தரமாகிவிட்டது.

அடுத்த மாற்றம் ஏ.சி. வங்கியில் வாகனக் கடன் பிரிவில் இருந்தபோது வண்டிகளின் கொட்டேஷன்கள் எங்கள் மேசைக்கு வரும். ஏ.சி.க்குத் தனியாக ஒரு தொகை போட்டு, அதை அடித்துவிட்டு வாங்கியவர்கள் ஒரு காலத்தில் அதிகம். போகப் போக அடிப்பவர்கள் குறைந்தார்கள். பிறகு ஏ.சி. இல்லாத காரே அரிதானது. திருச்சி வெயிலுக்கு இது ஆடம்பரம் இல்லைதான். ஆனால் சாதாரணக் காரில் ஏ.சி. கம்ப்ரஸரை என்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. அந்தச் செலவு பெட்ரோலில்தான் விழுகிறது.

அதே காலத்தில் டீசல் கார் செல்வாக்குப் பெற்றது. டீசலுக்கு அரசு விலைக் கட்டுப்பாடு இருந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் பெரிய இடைவெளி. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது, டீசலுக்கு 2014 அக்டோபரில் நீங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதிகள் வந்ததும் சிறிய டீசல் என்ஜின்களைச் சுத்தமாக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. 2021இல் பெட்ரோல் தமிழ்நாட்டில் 100 ரூபாயைத் தொட்டது. அந்த ஆகஸ்டில் மாநில அரசு வரியில் 3 ரூபாய் குறைத்தது. டீசல் விட்ட இடம் காலியாக இருந்தது. ஹைப்ரிட் அங்கே வந்து உட்கார்ந்தது.

ஹைப்ரிட் வந்த வழி

என்ஜினையும் மோட்டாரையும் ஒரே வண்டியில் சேர்க்கும் யோசனை பழையது. 1900இலேயே பெர்டினாண்ட் போர்ஷே அப்படி ஒரு வண்டியைச் செய்து காட்டினார். பெருவாரியாக விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில் ஜப்பானில், டொயோட்டா பிரியஸ் என்ற பெயரில்.

இந்தியாவுக்கு 2008இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வந்தது. முழுவதும் இறக்குமதி என்பதால் விலை 20 லட்சத்துக்கு மேல். விற்கவில்லை. அதே ஆண்டு முடிவதற்குள் பெரிய தள்ளுபடி கொடுத்துத்தான் விற்றார்கள். 2010இல் பிரியஸ் வந்தது. அதுவும் 25 லட்சத்தைத் தாண்டிய விலை. 2013இல் கேம்ரி ஹைப்ரிட்டைப் பெங்களூருக்கு அருகில் பிடதியில் பொருத்தத் தொடங்கினார்கள். பெட்ரோல் செலவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்கள்தான் இவற்றை வாங்க முடிந்தது.

அரசின் கொள்கையும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2015 ஏப்ரலில் மின்சார, ஹைப்ரிட் வாகனங்களுக்கு மானியம் தரும் 'ஃபேம்' திட்டம் வந்தது. அந்த ஆண்டே மாருதி சியாஸில் சிறிய மோட்டார் உதவியோடு 'மைல்டு ஹைப்ரிட்' வந்தது. 2017 ஏப்ரலில் மைல்டு ஹைப்ரிட்டுக்கு மானியம் நின்றது. ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஹைப்ரிட் கார்களுக்கு 28 சதவீத வரியும் 15 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம் ஆனது. மின்சாரக் காருக்கு அது 12 சதவீதம். 2019 ஆகஸ்டில் 5 சதவீதமாகக் குறைந்தது. மானியம் பெற்ற பொருள் இரண்டே ஆண்டுகளில் ஆடம்பரப் பொருளின் வரிசைக்குப் போனது.

நடுத்தர வர்க்கத்தின் கைக்கெட்டும் 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்' 2022இல்தான் வந்தது. ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விடாரா, அந்த ஆண்டின் கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசையாக வந்தன. கிராண்ட் விடாராவுக்கும் ஹைரைடருக்கும் சொல்லப்பட்டதுதான் அந்த 27.97 கிலோமீட்டர். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாற்றத்தில் செஸ் நீங்கி, 4 மீட்டருக்கு மேற்பட்ட ஹைப்ரிட் கார்களுக்கு வரி 40 சதவீதம் ஆகியிருக்கிறது.

முக்கொம்பில் தெரியும் கணக்கு

ஹைப்ரிட் எப்படி மிச்சம் பிடிக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே அதிகம் போய், காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சைப் பாசனம் தவித்தது. அதைச் சரிசெய்யத்தான் 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். வயலுக்கு வேண்டியது காவிரியில், மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் என்று பிரித்துவிடும் இடம் அது.

டொயோட்டா வகை ஹைப்ரிட்டில் ஒரு கியர் தொகுதி இந்த மேலணையின் வேலையைச் செய்கிறது. என்ஜினின் சக்தி அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. மற்றொரு கிளை ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரமாகிறது. அது மோட்டார் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். மிஞ்சினால் பேட்டரியில் சேரும். பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் சேர்க்கும். சாதாரணக் காரில் பிரேக்கில் போகும் சக்தி முழுவதும் சூடாகி, கொள்ளிடத்து வெள்ளம் கடலுக்குப் போவதுபோல் வீணாகிறது.

ஆனால் சேர்த்து வைக்கும் இடம் மேட்டூர் அணை அல்ல, சிறு குட்டை. கிராண்ட் விடாரா, ஹைரைடர் வண்டிகளின் பேட்டரி கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி. மின்கட்டணக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட். இந்த முக்கால் யூனிட்டை மனதில் வைத்துக்கொண்டால் வெயில் கணக்கு புரிந்துவிடும்.

வெயில் என்ன செய்கிறது

மைலேஜ் சான்றிதழுக்கான சோதனை, ஆய்வுக்கூடத்தில் 20 முதல் 30 டிகிரி வெப்பத்தில், ஏ.சி.யை அணைத்து வைத்து நடப்பது. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் உதவும். அக்னி நட்சத்திரத்தில் சத்திரம் பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது எவ்வளவு கிடைக்கும் என்று அது சொல்லாது.

நல்ல ஹைப்ரிட்டில் ஏ.சி. கம்ப்ரஸர் பேட்டரி மின்சாரத்தில் ஓடுகிறது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் தொடங்கிய ஏற்பாடு இது. என்ஜின் நின்றிருந்தாலும் குளிர்ச்சி வரும். மைல்டு ஹைப்ரிட்டில் கம்ப்ரஸர் பெரும்பாலும் பெல்ட்டில் ஓடுவதால் வெயில் காலத்தில் என்ஜின் அணைந்து நிற்கும் நேரம் குறைந்துவிடும். இரண்டுக்கும் 'ஹைப்ரிட்' என்றே பெயர் போடுகிறார்கள். வாங்குபவர் இந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டிலும் குட்டை சிறியதுதானே. கொதிக்கும் காரைக் குளிர்விக்க ஏ.சி. ஒன்றரை கிலோவாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், முக்கால் யூனிட் முழுவதையும் கொடுத்தாலும் அரை மணி நேரம்தான் வரும். பேட்டரியின் ஆயுளைக் காக்க, கம்ப்யூட்டர் அதில் ஒரு பகுதியைத்தான் செலவழிக்க விடும். அது தீர்ந்ததும், நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடத் தொடங்கும். சிலர் இதைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள். இது வண்டியின் இயல்பு.

அடுத்தது பேட்டரியின் சூடு. அதிகச் சூட்டில் பேட்டரி சீக்கிரம் முதுமையடையும். அதைத் தடுக்க, சூடு ஏறினால் கம்ப்யூட்டர் பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தையும் வெளியே எடுப்பதையும் குறைக்கும். அப்போது பிரேக்கில் சேரும் மின்சாரம் குறைந்து, என்ஜின் அதிகம் உழைக்கும். பல ஹைப்ரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பது நாம் உட்காரும் அறையின் காற்றுதான். அதை ஒரு மின்விசிறி உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கான துவாரம் பின் இருக்கைக்கு அருகில் இருக்கும்.

இவற்றோடு எத்தனாலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தச் சிறு இழப்பு எல்லாப் பெட்ரோல் கார்களுக்கும் உண்டு.

நாம் செய்யக்கூடியவை

1. நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லையேல் முன் கண்ணாடிக்கு வெயில் மறைப்பு போடுங்கள்.

2. ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து ஓரிரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். பிறகு உட்காற்றுச் சுழற்சியில் வைத்து 24, 25 டிகிரியில் விடுங்கள். 18இல் வைப்பதால் கார் வேகமாகக் குளிராது; பெட்ரோல்தான் வேகமாகப் போகும்.

3. பேட்டரிக் காற்றுத் துவாரத்தின் மேல் பையோ துண்டோ தண்ணீர்க் கேனோ வைக்காதீர்கள். அதன் வடிகட்டியை ஒவ்வொரு சர்வீஸிலும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நம் காவிரிக்கரைச் சாலைகளின் மணல் தூசிக்கு இது அவசியம். ஏ.சி.யை அணைத்து, ஜன்னல்களை மூடி, பேட்டரிக்கும் சேர்த்து வேக்காடு கொடுக்காதீர்கள்.

4. பிரேக்கை முன்கூட்டியே மெதுவாகத் தொடுங்கள். திடீரென அழுத்தினால் சாதாரண பிரேக்தான் வேலை செய்யும். மின்சாரம் குறைவாகவே சேரும்.

5. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். நடுப்பகலில் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

6. காய்கறிக்கு ஒரு தடவை, மருந்துக்கு ஒரு தடவை என்று இரண்டு கிலோமீட்டர் பயணங்களைப் பிரித்துச் செய்யாதீர்கள். கொதிக்கும் காரை ஒவ்வொரு முறையும் குளிர்விப்பதிலேயே மிச்சமெல்லாம் போய்விடும். ஒரே சுற்றில் முடியுங்கள்.

7. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள், வண்டியை மாதக்கணக்கில் அப்படியே நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பெரிய பேட்டரியைத் தவிர எல்லாக் கார்களிலும் உள்ள சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் இதில் உண்டு. அது இறங்கிவிட்டால் ஹைப்ரிட்டும் கிளம்பாது. நம்பிக்கையானவரிடம் சாவியைக் கொடுத்து அவ்வப்போது ஓட்டச் சொல்லுங்கள்.

சாலையும் முக்கியம். தில்லை நகர், மெயின்கார்டு கேட், ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகள் போல நின்று நின்று போகும் இடங்களில்தான் ஹைப்ரிட்டின் லாபம் அதிகம். ஜீயபுரம் வழியாக மிதமான வேகத்தில் போகும் நம் கரூர் சாலையும் அதற்கு ஏற்றது. சென்னை நான்கு வழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தால் பிரேக்கே போடுவதில்லை. சேமிக்க அங்கே ஒன்றும் இல்லை.

வரவு செலவுக் கணக்கு

இனி என் தொழில் புத்திக்கு வருகிறேன். பின்வருவது உதாரணக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி காரில் பெட்ரோல் வகைக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் விலை வித்தியாசம் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் ஏ.சி.யோடு பெட்ரோல் கார் 13, ஹைப்ரிட் 20 கொடுக்கிறது என்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்.

மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 64,600 ரூபாய் மிச்சம். கூடுதல் விலை நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 32,300 ரூபாய். எட்டு ஆண்டுகள் ஆகும். ஹைப்ரிட் பேட்டரிக்கு டொயோட்டாவும் மாருதியும் தரும் வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பதையும் கூட வைத்துப் பாருங்கள்.

மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறோம் என்றால், ஆண்டு மிச்சம் சுமார் 12,900 ரூபாய். அந்த இரண்டரை லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வைப்புத்தொகையில் போட்டால் ஆண்டுக்கு 17,500 ரூபாய் வரும். கோயிலுக்கும் டாக்டரிடமும் கடைக்கும் மட்டும் வண்டியை எடுக்கும் என்னைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு, பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் வங்கியே ஜெயிக்கிறது. தினமும் கரூருக்கோ துவாக்குடிக்கோ வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு ஹைப்ரிட் ஜெயிக்கிறது. ஓசை குறைவு, ஓட்டுவதில் சுகம், புகை குறைவு ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க விரும்பினால் அது அவரவர் விருப்பம். அதைச் சிக்கனம் என்ற தலைப்பில் எழுதாமல் இருந்தால் போதும்.

கரி அடுப்பு, டீசல், ஹைப்ரிட் மூன்றுமே ஏதோ ஒரு தட்டுப்பாட்டுக்கோ விலையேற்றத்துக்கோ பதிலாக வந்தவை. விலைக் கட்டுப்பாடு போனதும் டீசலின் கணக்கு மாறியது. வரி மாறினால் ஹைப்ரிட்டின் கணக்கும் மாறும். நம் கையில் இருப்பது எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம், வெயிலிலிருந்து வண்டியை எப்படிக் காக்கிறோம் என்பதுதான்.

நம் நகரில் ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாங்க் நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று ஒரு சிறு நோட்டில் எழுதி வாருங்கள். பங்குனி முதல் ஆனி வரைக்கும், ஐப்பசி முதல் தை வரைக்கும் தனித்தனியாக எழுதி சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வண்டியின் திரையில் காட்டும் எண் வேண்டாம். பங்க் ரசீதுக் கணக்கு போதும். பத்துப் பேர் கொடுத்தால்கூட அட்டவணையாகப் போட்டு இதே இதழில் வெளியிடலாம். அடுத்து வாங்கப் போகிறவருக்கு விளம்பர எண்ணைவிட அது அதிகம் பயன்படும்.